கிணற்றுக்குள் லாம்பு இறக்கிப் பார்த்தால் போதாதா?

கேள்வி, 2024 ஓகஸ்ட் 10

திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வீட்டுக் கிணறு இறைக்க வேண்டும். இருபத்தெட்டு அடி ஆழம், அடியில் நல்ல சேறு. ஆள் கேட்டால் மூன்று பேருக்குக் கூலி, காற்று ஊதும் மெஷினுக்கு வாடகை என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் அப்பப்பா காலத்தில் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எரிந்தால் ஆள் இறங்கும். அணைந்தால் வேப்பங்குழை கட்டி மேலும் கீழும் அடித்துவிட்டு மறுநாள் பார்ப்பார்கள். அப்படி இறங்கி ஒருவரும் சாகவில்லை. இப்போது மட்டும் ஏன் இந்தக் கூத்து?

ஓகஸ்ட் 11, காலை

பாதி சரி அண்ணை. லாம்பு அணைந்தால் இறங்கக்கூடாது. எரிந்தால் இறங்கலாம் என்பதுதான் பிழை.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். லாம்புத் திரி ஏறக்குறைய 16 வரை தாக்குப்பிடிக்கும். ஒழுங்கான வேலைத்தளத்தில் 19.5க்குக் கீழே காட்டினாலே ஆளை இறக்கமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் லாம்பு ஜோராக எரிந்துகொண்டிருக்கும். உள்ளே நிற்பவருக்கு மூச்சு வாங்கும், நாடி ஓடும், கையிலிருக்கும் வாளியை என்ன செய்வது என்றே புத்தி வேலை செய்யாது. 10க்குக் கீழே போனால் மயங்கி விழுவார். 6 என்றால் சில நிமிடத்துக்கு மேல் இல்லை.

இன்னொன்று, லாம்புக்கு ஒட்சிசன் மட்டும்தான் தெரியும். காபன் மொனொக்சைட் இருந்தாலும் எரியும். ஆளைக் கொல்லும் அளவுக்கு ஐதரசன் சல்பைட் இருந்தாலும் எரியும். மெதேன் இருந்தால் சொல்லவே வேண்டாம். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மெதேன் கலந்திருக்கும் குழிக்குள் தீயை இறக்குவதும் வெடி வைப்பதும் ஒன்று.

ஒருவரும் சாகவில்லை என்கிறீர்கள். என் சின்ன வயதில் கிணற்றுக்குள் போய்ச் செத்தவரை "கால் வழுக்கி விழுந்தார்" என்றுதான் சொல்வார்கள். இன்னும் சிலரை முனி அடித்தது. காற்று அடித்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓகஸ்ட் 11, இரவு

"கெட்ட மணம் வந்தால் ஏறிவிடலாமே, அழுகல் முட்டை மணம் யாருக்குத் தெரியாது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

தெரியும். ஐதரசன் சல்பைட்டை மனித மூக்கு மிகக் கொஞ்சமாக இருக்கும்போதே பிடித்துவிடும், பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. சிக்கல் அதற்குப் பிறகு. 100 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 100 பங்கு, அளவில் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். மணம் நின்றுவிட்டது, காஸ் போய்விட்டது என்று நினைத்து ஆள் தொடர்ந்து வேலை செய்வார். 700ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே சரிந்துவிடுவார். ஏணியில் கால் வைக்கக்கூட நேரம் கிடையாது.

மலசலகூடக் குழியில் இது இன்னும் மோசம். கலி பவுசர் வந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டுப் போகும்போது குழி அமைதியாகத்தான் கிடக்கும், மூடியைத் திறந்து வைத்ததில் மணமும் குறைந்திருக்கும். அடியில் இறுகிய மண்டியைக் கிளற ஒருவர் மண்வெட்டியோடு இறங்குவார். அந்தத் தோலைக் குத்தியதும்தான் அடியில் அடைபட்டிருந்த காஸ் ஒரேயடியாகக் கிளம்பும். இறங்கும்போது காஸ் அளக்கும் மீற்றர் பூச்சியம் காட்டியிருக்கும். அதனால்தான் மீற்றர் மேலே சும்மா கிடக்கக்கூடாது, இறங்குபவரின் சட்டையில் கொழுவியிருக்க வேண்டும்.

ஓகஸ்ட் 14

அண்ணையின் கிணறு இருபத்தெட்டு அடி என்பதை அன்றே கவனித்தேன், எழுத நேரம் கிடைக்கவில்லை.

மேலே வைத்து இழுக்கும் பம்ப் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீரை ஏற்றிவிடுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். அதற்கு எல்லை ஏறக்குறைய 33 அடி. நடைமுறையில் 25 அடி வந்தாலே பம்ப் திணறும். உங்கள் கிணற்றில் கடைசி இரண்டு மூன்று அடித் தண்ணீர் ஏறாது. அப்போது யாராவது ஒருவருக்கு யோசனை வரும்: பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள்ளேயே ஒரு பலகையில் வைப்போம்.

பெற்றோல் பம்ப். குறுகலான கிணறு. புகை போக வழியில்லை. சின்ன எஞ்சின் கக்கும் புகையில் காபன் மொனொக்சைட் சதவீதக் கணக்கில் இருக்கும். 1,200 பிபிஎம், அதாவது 0.12 சதவீதம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். இதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. காற்றின் பாரம்தான் இதற்கும், ஆகவே மேலே போகும், கீழே போகும் என்ற கணக்கும் உதவாது. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறும் இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேலான இறுக்கத்தோடு பிடித்துக்கொள்ளும். பம்பை நிறுத்தி அரை மணிநேரம் கழித்து இறங்கினாலும் அது உள்ளேயே நிற்கக்கூடும்.

சுனாமிக்குப் பிறகு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒவ்வொரு வளவிலும் பம்ப் அலறிய காலம் ஞாபகம் இருக்கும். உப்பை இறைத்துத் தீர்க்கலாம் என்று எல்லோரும் இறைத்தோம். இறைக்க இறைக்க அடியிலிருந்து இன்னும் உப்புத் தண்ணீரே ஏறியது. அளவுக்குமேல் இறைக்காதீர்கள் என்று பிறகு வந்து சொன்னார்கள். அது வேறு கதை.

தண்ணீருக்குள் அமிழ்த்தும் மின்சாரப் பம்ப் நல்லது. ஆனால் ஆள் உள்ளே நிற்கும்போது அதை ஓட்டக்கூடாது, மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் அதை இறக்கவே கூடாது.

ஓகஸ்ட் 18

நான் யார், எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார்கள். கட்டாரில் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைகளில் ஹோல் வாட்ச் ஆக நின்றவன். தாங்கிக்குள்ளோ கோபுரத்துக்குள்ளோ ஆள்கள் வேலை செய்யும்போது அந்தத் துவாரத்தின் வாயில் நிற்பதுதான் வேலை. படிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை.

துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும், அதில் கொக்கிகள். உள்ளே போகும் ஒவ்வொருவரும் தன் அட்டையைக் கொழுவிவிட்டுப் போவார், வெளியே வந்ததும் எடுப்பார். பலகையில் எத்தனை அட்டையோ உள்ளே அத்தனை உயிர். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் வந்தாயிற்று, ஒரு அட்டை மட்டும் தொங்குகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. வேலை முழுக்க நிறுத்தி, மீட்புக் கோஷ்டியை அழைத்து, அவர்கள் முகமூடி மாட்டி உள்ளே போகும் நேரத்தில், அட்டைக்குச் சொந்தக்காரர் கன்டீனில் பிரியாணிப் பொதியோடு இருக்கிறார் என்று வோக்கியில் செய்தி வந்தது. அந்தப் பிரியாணி அவருக்குச் செமிக்கவில்லை.

காஸ் பார்ப்பவர் மீற்றரோடு நீளக் குழாய் கொண்டுவருவார். வாயில் ஒரு தரம், நடுவில் ஒரு தரம், அடியில் ஒரு தரம். மெதேன் மேலே நிற்கும், காபனீரொட்சைட்டும் ஐதரசன் சல்பைட்டும் அடியில் படியும், ஒரே இடத்தில் பார்த்தால் ஒன்றைத்தான் பிடிப்பீர்கள். குழாய் நீளமானால் அடியிலுள்ள காற்று மீற்றருக்கு வந்துசேரவே நேரம் எடுக்கும், ஒவ்வொரு மட்டத்திலும் பொறுக்க வேண்டும். முதலில் ஒட்சிசன், பிறகு தீப்பற்றும் காஸ், கடைசியில் நச்சு. ஒட்சிசன் குறைந்திருந்தால் தீப்பற்றும் காஸைக் காட்டும் உணரி சரியாகச் சொல்லாது, அதனால்தான் அந்த வரிசை.

எல்லாம் புத்தகம் மாதிரி நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு இடத்தில் மேற்பார்வையாளர் நான்கு மணி ரீடிங்கை இரண்டு மணிக்கே எழுதி வைத்திருந்தார். 20.9, பூச்சியம், பூச்சியம், பூச்சியம். கையெழுத்து அழகாக இருந்தது. நான் கேட்டதற்கு "உனக்கு நிற்கத்தானே சம்பளம், நில்" என்றார். இன்னொருவர் ஸ்பானர் எடுத்துவரச் சொல்லி அனுப்பப் பார்த்தார். போகவில்லை. அந்த மாதம் ஓவர்டைம் எனக்கு வரவில்லை.

ஓகஸ்ட் 19

கிண்ணியாவிலிருந்து சங்கு குளிக்கும் நானா ஒருவர்: "என்னிடம் சிலிண்டர் இருக்கிறது, முதுகில் போட்டுக்கொண்டு கிணற்றில் இறங்கினால் என்ன?"

கடலில் இருபது பாகம் ஆழம் போகிறவரிடம் மூச்சைப் பற்றி நான் பேசுவது கொழுப்புத்தான். காற்று சொந்தக் காற்று, அது சரி. ஆனால் "கயிறை விடு" என்று சொல்ல வாயைத் திறந்தால் கவ்வியது கழன்றுவிடும், அடுத்த மூச்சு கிணற்றுக் காற்று. தீயணைப்பு ஆள்கள் போடுவது முகம் முழுதையும் மூடும், உள்ளேயிருந்து காற்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அப்புறம் இரண்டடிக் குழிவாயில் சிலிண்டரோடு நீங்கள் நுழையும் அழகை நான் பார்க்க வேண்டும். நானாவின் வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 25

அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் 1986இல் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேலானோர் காப்பாற்றப் போனவர்கள். முதலில் விழுந்தவர் அல்ல, அவரைத் தூக்கப் போனவர்.

நம்பக் கஷ்டமா? இங்கே எப்படி நடக்கும் என்று யோசியுங்கள். அண்ணன் குழிக்குள் சாய்கிறான். மேலே நிற்பவன் தம்பி. தம்பி ஒரு விநாடி யோசிப்பானா? குதிப்பான். அதே காற்று, அதே இரண்டு மூச்சு. அடுத்தது மைத்துனன். அக்கம்பக்கம் எல்லாம் சொந்தக்காரர் என்பதுதான் எங்கள் பலம், இந்த இடத்தில் அதுதான் எமன்.

அன்புவழிபுரத்தில் ஒரு மேசன் குழிக்குள் சரிந்தபோது நான் மூன்றாம் வீட்டில் பைப் பொருத்திக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினால், குழிவாயில் மேசனின் மனைவி சப்பாணி கொட்டி உட்கார்ந்திருக்கிறார். கொண்டுவந்த தேத்தண்ணீர் போத்தல் பக்கத்தில் உருண்டு கிடக்கிறது. மகன் இறங்கப் பார்க்கிறான், அந்த மனுஷி அவன் காலைக் கட்டிப்பிடித்து "கயிறை இழுடா, கயிறை இழுடா" என்று கத்துகிறார். நல்ல காலம், மேசன் இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்கியிருந்தார். ஐந்தாறு பேர் இழுத்தோம். வாய் ஓரம் நுரை, முகம் சாம்பல், ஒரு கை குழியின் விளிம்பில் உரசித் தோல் போயிருந்தது. 1990 இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வந்து ஒட்சிசன் போட்டபிறகுதான் கண் திறந்தார். இப்போது நன்றாக இருக்கிறார், மலசலகூடக் குழி வேலை மட்டும் எடுப்பதில்லை.

அந்த மனுஷிக்கு ஐதரசன் சல்பைட் தெரியாது. மகனை விடக்கூடாது என்று எப்படித் தோன்றியது என்று பிறகு கேட்டேன். "ரெண்டு பேரையும் குடுக்க ஏலுமா" என்றார்.

செப்டெம்பர் 1

அன்றிலிருந்து மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டிருந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் இருந்தோம், குழி எட்டடி. இருபத்தெட்டு அடிக் கிணற்றில் இரண்டு பேர் மட்டும் மேலே நின்றால்?

இன்று என் வீட்டுக் கிணற்றில் பக்கத்து வீட்டுப் பெடியன்களோடு சேர்ந்து பார்த்தோம். ஈரம் பட்டு இறுகிப்போன சீமெந்து மூட்டை ஒன்று, இன்னொன்றில் பாதி, சாக்கில் சுற்றிக் கட்டினால் 75 கிலோ. ஒரு நடுத்தர ஆள். நைலோன் கயிற்றில் இறக்கி, இரண்டு பேர் வெறுங்கையால் இழுக்க வேண்டும்.

பாதிக்கு வந்தது. அத்தோடு கயிறு உள்ளங்கையை அறுக்கத் தொடங்கியது, கிணற்றுக்கட்டின் விளிம்பில் உரசி நாரும் பிரிந்தது. விட்டுவிட்டார்கள். கீழே "தொம்" என்ற சத்தத்தில் அடுத்த வீட்டு ஆச்சி ஓடிவந்து யார் விழுந்தது என்று கேட்டார்.

கிணற்றுக் கப்பியில் போட்டு இழுத்தோம். கப்பி தாங்கியது, அது தொங்கும் கொங்கிரீட் தூண் ஆடியது. பத்து லீற்றர் வாளிக்குக் கட்டின தூண் அது, அதைக் குறை சொல்ல முடியாது. கராஜிலிருந்து செயின் புளொக் கொண்டுவந்து மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நட்டுக் கட்டினோம். பாரம் ஒரு பொருட்டே இல்லை, ஒரு ஆள் போதும். ஆனால் சங்கிலியை எவ்வளவு இழுத்தாலும் விரல் கணக்கில்தான் ஏறுகிறது. மூச்சு நின்றவனுக்கு அவ்வளவு நேரம் ஏது?

கடைசியில் சரிவந்தது வள்ளக்காரர் முறை. முக்காலியில் ஒரு இரட்டைக் கப்பி, மூட்டையில் இன்னொரு இரட்டைக் கப்பி, கயிறு நாலு தரம் ஓடும். பாரம் நாலில் ஒன்றாகத் தெரியும், அதற்கு நாலு மடங்கு கயிறு இழுக்க வேண்டும். இரண்டு பெடியன்கள் நின்ற இடத்திலேயே மளமளவென்று ஏற்றிவிட்டார்கள். விளிம்பில் உரசலும் இல்லை.

இதை ஆள் விழுந்தபிறகு கட்டத் தொடங்கக்கூடாது. இறங்கும் முன்னே முக்காலி நிற்க வேண்டும், கயிறு ஆளின் உடம்பில் இருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டினால் மயங்கினவர் இரண்டாக மடிந்து குழிவாயில் சிக்குவார். தோளையும் தொடையையும் பிடிக்கும் பட்டிதான் சரி, முதுகில் தோளுக்கு நடுவே வளையம் இருக்க வேண்டும், அப்போதுதான் நிமிர்ந்து ஏறுவார்.

செப்டெம்பர் 3

60 சதவீதம் பழைய கணக்கு என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். அதே நியோஷ் 1983 இறுதியிலிருந்து 1993 வரை தானே நேரில் விசாரித்த 70 சம்பவங்களை எண்ணி 1994இல் வெளியிட்டபோது, செத்த 109 பேரில் காப்பாற்றப் போனவர்கள் 36 சதவீதம். இரண்டாவதைத்தான் நம்பலாம் போலிருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு மேல். இதைச் சொல்லி என்னை மடக்கிவிட்டதாக நினைத்தால் சந்தோஷப்படுங்கள், நான் இன்னும் குதிக்காதே என்றுதான் சொல்வேன்.

செப்டெம்பர் 8

சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "காட்டுக்குள் கிடக்கும் பழைய தாங்கியில் பல வருடமாக எண்ணெயே இல்லை, வெறும் இரும்புப் பீப்பாய், அதற்குள் போக என்ன பயம்?"

வெறும் இரும்பு என்பதுதான் பயம். இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசன் வேண்டும். மூடிய தாங்கிக்குள் அந்த ஒட்சிசன் எங்கிருந்து வரும்? உள்ளேயிருக்கும் காற்றிலிருந்துதான். மூடி இறுக்கமாக இருந்தால் துரு அதைத் தின்று தீர்த்துவிடும். எண்ணெய் வேண்டாம், நச்சு வேண்டாம், மணமும் இருக்காது. கப்பலில் நங்கூரச் சங்கிலி போட்டு வைக்கும் அறையில் ஆள்கள் சாவதற்கும் இதே காரணம்தான். எண்ணெய் இருந்த தாங்கியென்றால் துருப் பொருக்குக்கு அடியில் மண்டி ஒட்டிக்கிடக்கும், சுரண்டச் சுரண்ட ஆவி கிளம்பும். பெற்றோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றும்.

இந்தக் குதங்கள் வெள்ளைக்காரன் கட்டினவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது ஒரு தாங்கி எரிந்து போனது, இன்று இருப்பவை 99. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 61 தாங்கிகளைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்த கம்பனி எடுத்துத் திருத்த வேண்டும். திருத்துவதென்றால் யாரோ உள்ளே போய்ச் சுரண்டத்தான் வேண்டும். எங்கள் பெடியன்களுக்கு அந்த வேலை கிடைத்தால் நல்லது. அட்டைப் பலகை எங்கே, வாயில் நிற்பவர் யார் என்று கேட்டுவிட்டு உள்ளே போகட்டும்.

தற்செயல்தான், எங்கள் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் அதே 1942இல் வந்தது, 45ஆம் இலக்கம். ஆபத்தான புகை இருக்கக்கூடிய அறைக்குள், தாங்கிக்குள், குழிக்குள் போவதற்கு அதிலேயே விதி இருக்கிறது. மூச்சுக் கருவி, இடுப்புப் பட்டி, கயிறு, கயிற்றின் மறுமுனையை வெளியே பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள். நான் கட்டாரில் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரிப் படித்தது எங்கள் ஊர்ச் சட்டத்தில் என் அப்பா பிறக்க முன்பே இருந்திருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. பாலையூற்று வளவுக் கிணற்றுக்கு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

செப்டெம்பர் 9

சின்ன விஷயம். நிலத்தடித் தண்ணீர்த் தாங்கியை வீட்டுக்காரரே இறங்கிக் கழுவுகிறார்கள். பிளீச்சிங் தூளும் மலசலகூடம் கழுவும் அசிட்டும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் கிளம்பும், காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், நீங்கள் குந்தியிருக்கும் அடியிலேயே தங்கும். ஒன்றை மட்டும் பாவியுங்கள். நீளத் தடியில் பிரஷ் கட்டி மேலே நின்று கழுவ முடிந்தால் இறங்கவே வேண்டாம்.

செப்டெம்பர் 15

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பல நாள் படகில் போகும் ஒருவரோடு கதைத்தேன். மீன் அறையை அவர்கள் எப்படிக் கழுவுகிறார்கள் என்று கேட்கத்தான் போனேன்.

ஐஸ் உருகி, இரத்தத் தண்ணீரும் ஒன்றிரண்டு தவறிப்போன மீனும் அடிப்பலகைக்குக் கீழே கிடக்கும். கரைக்கு வந்து இரண்டு மூன்று நாள் மூடி போட்டபடி வெயிலில் கிடந்தால் அழுகும். அழுகல் ஒட்சிசனைத் தின்னும், ஐதரசன் சல்பைட்டைக் கக்கும். மலசலகூடக் குழிக்கும் இதற்கும் வித்தியாசம் மணத்தில் மட்டும்தான் என்றேன். "மணத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை" என்றார்.

அவர்கள் வழக்கம்: கரைக்கு வந்ததும் இரண்டு மூடியையும் திறந்துவிடுவார்கள், மேலே நின்றே குழாயில் கடல் தண்ணீர் அடித்து அலசி வெளியே இறைப்பார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்துதான் ஒருவர் இறங்குவார். புதுப் பெடியனை முதலில் இறக்கமாட்டார்களாம். ஏன் என்றால் "அவன் மயங்கினாலும் வெட்கத்தில் சொல்லமாட்டான்." கட்டாரில் எனக்கு நடந்த எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித்தரவில்லை.

செப்டெம்பர் 22

வேப்பங்குழையைப் பற்றி முதலில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அண்ணை மூன்றாம் முறை கேட்கிறார். யோசித்துப் பார்த்தால் அப்பப்பாக்கள் லாம்பைவிடக் குழையில்தான் கெட்டிக்காரர்கள். பெரிய கட்டாகக் கட்டி அடிவரை இறக்கி வேகமாக மேலும் கீழும் அடித்தால் அடியில் தேங்கின காற்று கொஞ்சம் கலையும். கலையும் என்றுதான் சொல்கிறேன், போய்விடும் என்று சொல்லவில்லை. சேற்றைக் கிளறும்போது புதிதாக வருவதற்குக் குழை என்ன செய்யும்? ஆள் உள்ளே நிற்கும்போது தலைக்கு மேலே குழை அடிக்கவும் முடியாது.

கிணற்றுக்கட்டில் மேசை ஃபேனை வைப்பதால் மேலே நிற்பவருக்குத்தான் குளிர்ச்சி. ஊதும் மெஷினோடு அகலமான குழாய் வேண்டும், குழாயின் நுனி அடிக்கு வர வேண்டும், ஆள் ஏறும்வரை நிறுத்தக்கூடாது. மெஷின் காற்றை எடுக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஜெனரேட்டரையோ லொறியையோ ஸ்டார்ட் பண்ணி வைத்தால் நீங்களே கிணற்றுக்குள் புகையை அனுப்புகிறீர்கள்.

வெல்டிங் கடைக்காரர் ஒருவர் தன் ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து கிணற்றுக்குள் விடலாம் என்று யோசனை சொன்னாராம். ஐயோ, வேண்டாம். ஒட்சிசன் 23.5க்கு மேலே போனாலும் ஆளை இறக்கமாட்டார்கள். உடுப்பு, தலைமயிர், எண்ணெய் பட்ட கயிறு எல்லாம் ஒரு பொறியில் பற்றும்.

ஒக்டோபர் 2

அண்ணையின் கிணறு இறைத்தாகிவிட்டது. முக்கால்வாசிச் சேற்றை ஆள் இறங்காமலே அமிழ்த்தும் பம்பால் கலக்கி எடுத்தார்கள், கடைசிக்கு மட்டும் ஒருவர் இறங்கினார். ஊதும் மெஷின், முக்காலி, மீற்றர் மூன்றும் இருந்தன. மீற்றர் தெரிந்த ஒருவரிடம் நான் கேட்டு வாங்கிக் கொடுத்தது. சேறு கிளறும்போது ஒரு தரம் ஒட்சிசன் 19.2 காட்டிக் கத்தியது, ஏறிவிட்டார், தேத்தண்ணீர் குடித்தார்கள், 20.8 வந்தபிறகு திரும்ப இறங்கினார்.

அதற்குப் பிறகுதான் சண்டை. இறங்கினவருக்கும் சேறு இழுத்தவருக்கும் அண்ணை மனமாரக் கொடுத்தார். மூன்றாமவருக்குக் கொடுக்க வரவில்லை. "காலையிலிருந்து கிணற்றுக்கட்டில் கயிறைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர இவர் என்ன செய்தார்?"

அண்ணை கோபிக்கக்கூடாது, நீங்கள் கேட்டதையே எல்லோரும் கேட்கிறார்கள். கூலி பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த ஆள்தான். மீற்றர் வாடகையைக்கூடத் தந்துவிடுவார்கள், சும்மா நிற்பவனுக்குத் தரமாட்டார்கள். அவர் போன் பார்க்கக்கூடாது, வெற்றிலைக்கு எழும்பக்கூடாது, கீழே உள்ளவரோடு விடாமல் பேச வேண்டும், பதில் பிந்தினால் இழுக்க வேண்டும், என்ன நடந்தாலும் தான் இறங்கக்கூடாது. சேறு இழுப்பதைவிட இது கஷ்டம். அதைச் செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

பேசிப் பேசி அரைக் கூலி என்று முடிந்தது. மிச்சத்தை மற்ற இருவரும் தங்கள் பங்கிலிருந்து போட்டார்கள். அந்தக் கோஷ்டி இப்போது தொகை சொல்லும்போதே மூன்று பேருக்கும் சமன் கூலி, பிரித்துப் பேச இல்லை என்று சொல்கிறதாம். போன கிழமை லிங்கநகரில் ஒரு வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு இரண்டு பேருக்கு ஒத்துக்கொண்ட வேறு ஆள்களைப் பிடித்துக்கொண்டார். மழை தொடங்க முன் சாம்பல்தீவில் இன்னொரு கிணறு இருக்கிறது, அங்கே சம்மதித்திருக்கிறார்கள். முக்காலியும் கப்பியும் என் வீட்டில்தான் கிடக்கின்றன, சனிக்கிழமை வந்து எடுக்கட்டும்.